சின்னத் தையல், பெரிய தையல்: செம்பியின் அட்ரீனல் ஆபரேஷன்

செம்பி குடிக்கும் தண்ணீரை நான் அளக்க ஆரம்பித்தது ஒரு மார்கழி மாதத்தில். ஏற்காட்டு மார்கழியில் காலை எட்டு மணிக்கும் பனி விலகாது, மனுசர்களே தண்ணீரைக் கண்டால் ஒதுங்குவார்கள். இவள் மட்டும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துக்கொண்டே சட்டியை நக்கித் தீர்த்துவிட்டு, மறுபடியும் குழாயடியில் போய் நிற்பாள். லேப்ரடார் பாதி, நாட்டு நாய் பாதி. வயது பத்து, எடை 26 கிலோ. காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தைக் கழித்துப் பார்த்தால் மூன்றரை லிட்டர் வந்தது. நாய்கள் ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி குடிப்பது வழக்கம், 100ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ கோளாறு என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆறு மாதம் முன்னாலேயே மலை இறங்கியிருப்பேன்.

ஆறு மாதமாகவே உடம்பு மாறிக்கொண்டு வந்தது. வயிறு பானை போல இறங்கியது. தோட்டத்தில் களை எடுக்க வரும் அக்கா ஒருவர், “ஏனுங்க தம்பி, நாய் மாசமா இருக்குதுங்களா?” என்று கேட்டார். குட்டி போடாமல் இருக்க எட்டு வருசத்துக்கு முன்பே ஆபரேஷன் செய்த நாய். விலாவின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்து வெட்டியதுபோல ஒரே அளவில் முடி கொட்டியது. தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, உள்ளே ஓடும் ரத்தக்குழாய் தெரிந்தது. பசி மட்டும் அடங்கவில்லை. வாழ்நாளில் திருடாத நாய் அம்மா ஊறவைத்த உளுந்தை இரண்டு முறை காலி செய்தது.

சேலத்தில் ஒரு கிளினிக்கில் பூஞ்சை என்று சொல்லி ஷாம்பு கொடுத்தார்கள். இரண்டு மாதம் தேய்த்துக் குளிப்பாட்டினோம். தப்பில் பாதி என்னுடையது. முடி கொட்டுகிறது என்று மட்டும்தான் சொன்னேன். தண்ணீர், பசி, ராத்திரி திண்ணையில் சிறுநீர் போவது எல்லாம் வயதாகிவிட்டதால் வருவது என்று நானே முடிவு கட்டி, சொல்லாமல் விட்டுவிட்டேன். டாக்டரிடம் போகும் முன்னால் ஒரு வாரம் தண்ணீரை அளந்து தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த ஒரு தாளை வைத்துத்தான் அடுத்துப் பார்த்த டாக்டர் ஐந்து நிமிடத்தில் “இது குஷிங் மாதிரி தெரியுதுங்க” என்றார். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய் அது.

அப்புறம் பரிசோதனைகள். காலையில் ஒரு ரத்தம், உடனே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மிகச் சிறிய அளவில், பிறகு நாலாவது மணியில் ஒரு ரத்தம், எட்டாவது மணியில் இன்னொன்று. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால், உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசாலைக் குறைத்துக்கொள்ள வேண்டும். செம்பிக்குக் குறையவில்லை. இந்த நோய் வந்த நாய்களில் 80, 85 சதவீதத்துக்குக் காரணம் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. மீதிப் பேருக்குச் சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பியிலேயே கட்டி. ஸ்கேனில் செம்பியின் வலது அட்ரீனல் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. இடது அட்ரீனலைத் தேடித்தான் கண்டுபிடித்தார்கள், அவ்வளவு சுருங்கியிருந்தது. வலது பக்கம் ராப்பகலாகச் சுரக்கிறது என்று இடது பக்கம் வேலையை விட்டுவிட்டது. அன்று இதை ஒரு தகவலாகத்தான் கேட்டுக்கொண்டேன். பின்னால் எங்களை ஆட்டிப் படைத்தது இந்தச் சுருங்கிய இடது பக்கம்தான்.

கட்டியை எடுத்துவிட்டால் நோய் போய்விடும் என்றார்கள். எடுப்பதற்கு ஆள் சேலத்தில் அமையவில்லை. பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

நான் ஒரு முடிவோடுதான் போனேன். இரண்டு வருசத்துக்கு முன் அம்மாவுக்குப் பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். நாலு ஓட்டை, மறுநாள் சாயங்காலம் வீடு, மூன்றாம் நாள் அடுப்படி. அதனால் போய் உட்கார்ந்ததும், “டாக்டர், செலவு கூடினாலும் பரவாயில்லை, ஓட்டை போட்டே செஞ்சிடுங்க” என்றேன். அவர் தருமபுரிக்காரர், நல்ல தமிழ் பேசினார். சிரித்துவிட்டு, “முதல்ல சிடி எடுப்போம். எப்படிச் செய்யறதுன்னு நானும் நீங்களும் முடிவு பண்ண முடியாது, அந்தக் கட்டிதான் பண்ணும்” என்றார்.

நாய்க்கு சிடி என்றால் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கே நான் பயந்தேன். படத்தைத் திரையில் போட்டு அவர் காட்டியதும் பயம் வேறு பக்கம் போய்விட்டது. கட்டி 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதை ஒட்டி, விரல் தடிமனில் ஒரு வெள்ளைப் பட்டை. உடம்பின் பின்பாதி ரத்தத்தையெல்லாம் இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய சிரை. “உங்கம்மாவுக்கு எடுத்தது பித்தப்பை. அது கல்லீரலுக்குக் கீழே தொங்கற பை. இது அப்படி இல்லைங்க. வலது அட்ரீனலோட உறையும் இந்தக் குழாயோட வெளிச்சுவரும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தே இருக்கும். கட்டி குழாய்க்குள்ள நுழையல, அது நல்ல சேதி. ஆனா நல்லா அமுக்கிட்டு இருக்கு.”

அடுத்த அரைமணி நேரம் அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இதைத் தமிழில் விளக்க ஆள் இல்லாமல்தான் நான் திண்டாடினேன்.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை நிரப்பி, வயிற்றுச் சுவரைக் கூடாரம் போலத் தூக்கிக்கொள்வார்கள். 8 முதல் 12 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். அந்த வாயு, வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானத்தை மேலே தள்ளும், நாய் தானாக மூச்சு விடுவது சிரமம், அதனால் மெஷின்தான் மூச்சு கொடுக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்தபின் அம்மா இரண்டு நாள் தோள்பட்டை வலிக்கிறது என்று புலம்பியது இந்த வாயுவால்தான் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. மூன்று அல்லது நாலு துளை. ஒன்றில் கேமரா, மற்றதில் கருவிகள். கேமராவில் எல்லாம் பெரிதாகத் தெரியும். விலாவுக்கு உள்ளே ஆழத்தில் இருக்கும் அட்ரீனலை வயிற்றைத் திறந்து எட்டிப் பார்ப்பதைவிடக் கேமராவில் தெளிவாகப் பார்க்கலாம் என்று அவரே ஒத்துக்கொண்டார். “ஆனா ரத்தம் பீறிட்டா கேமராவால விரலை வெச்சு அமுக்க முடியாது.”

எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். இந்தக் கட்டிகள் பழுத்த தக்காளி மாதிரி. கருவி கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் உறை கிழிந்து உள்ளே இருப்பது சிதறும். புற்றுக் கட்டியாக இருந்தால் சிதறிய இடத்தில் திரும்ப முளைக்க வாய்ப்பு. அதனால் சுரப்பியைப் பிடிக்காமல் சுற்றியுள்ள கொழுப்பைப் பிடித்தே பிரித்தெடுத்து, வயிற்றுக்குள்ளேயே ஒரு பையில் போட்டு மூடி, பையோடு வெளியே இழுப்பார்கள். சிறிய கட்டி, இடது பக்கம், ரத்தக்குழாயில் ஒட்டாதது என்றால் துளை வழி நல்ல வழி. வலி குறைவு, சீக்கிரம் வீடு. இடது சுரப்பி பெரிய சிரையைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருப்பதால் கைக்கு இடம் கிடைக்கிறது. மனிதர்களுக்கு அட்ரீனலை இப்படி எடுத்ததை மிஷேல் காக்னேர் என்ற கனடா டாக்டரின் குழு 1992ல் எழுதியது. நாய்களில் ஏழு நாய்க்குச் செய்த அனுபவம் 2008ல்தான் அச்சில் வந்தது. வித்தை புதிது என்று தள்ளவும் வேண்டாம், புதிது என்பதற்காகப் பின்னால் ஓடவும் வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம்.

செம்பிக்கு வயிற்றைத் திறந்து செய்யும் ஓப்பன் ஆபரேஷன் என்று முடிவானது. எனக்கு மனசு விட்டுப்போனது உண்மை.

வெளியே காத்திருக்கும் இடத்தில் ஓசூர்க்காரர் ஒருவர் தன் பீகிள் நாயோடு உட்கார்ந்திருந்தார். அதே நோய், அதே சுரப்பி, ஆனால் இடது பக்கம், 2 சென்டிமீட்டர். அவருக்குத் துளை ஆபரேஷன். நான் அவரைப் பார்த்த பார்வையில் பொறாமை இருந்திருக்கும். போன் நம்பர் வாங்கிக்கொண்டோம். இந்தக் கட்டுரையில் பாதி அந்த நம்பரால் வந்தது.

உடனே ஆபரேஷன் கிடையாது. கார்ட்டிசால் அதிகம் உள்ள உடம்பில் புண் ஆறாது, ரத்தம் கட்டிக்கொள்ளும். அதனால் ஐந்து வாரம் கார்ட்டிசாலைக் குறைக்கும் ட்ரைலோஸ்டேன் மாத்திரை, காலையும் மாலையும் சாப்பாட்டோடு. சேலத்தில் நான் ஏறி இறங்கிய மருந்துக்கடைகளில் பேரைக் கேட்டே விழித்தார்கள். மாத்திரை கையில் வந்து சேர்ந்த பிறகு ஆபரேஷன் தேதி கேளுங்கள். ரத்த அழுத்தம் 190 இருந்தது, அதற்குத் தனி மாத்திரை. சில அட்ரீனல் கட்டிகள் கார்ட்டிசாலுக்குப் பதிலாக அட்ரீனலின் வகையைச் சுரப்பவை. தொட்டாலே அழுத்தம் எகிறும். அந்த வகைக்கு முன்கூட்டியே ஃபீனாக்ஸிபென்ஸமின் என்ற அழுத்தம் குறைக்கும் மருந்து கொடுத்துச் செய்த நாய்களில் 13 சதவீதமும், கொடுக்காமல் செய்தவற்றில் 48 சதவீதமும் இறந்ததாக 2008ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. செம்பியுடையது அந்த வகை இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் தேதி கொடுத்தார்கள். துளையா கிழிப்பா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட நான், மாத்திரைக்கு இவ்வளவு எடை உண்டு என்பதை யோசிக்கவே இல்லை.

ரத்தத்துக்கும் ஆள் வேண்டும். நாகலூரில் நண்பனின் ராஜபாளையம், நாலு வயது, 27 கிலோ, தடுப்பூசி எல்லாம் சரியாகப் போட்டது. சாம்பிளை முன்பே அனுப்பிப் பொருத்தம் பார்த்தோம். ஆபரேஷனுக்கு முதல் நாள் இரண்டு நாய்களையும் ஒரே வண்டியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கினோம். ஒன்பதாவது வளைவில் ராஜபாளையம் வாந்தி எடுத்தது. ரத்தம் கொடுக்கப் போகிறவனுக்கே இந்தக் கதியா என்று நண்பன் சீட்டைத் துடைத்துக்கொண்டே புலம்பினான். மறுநாள் அவன் நாயின் ஒரு பை ரத்தம் செம்பிக்கு ஏறியது.

ஆபரேஷன் மூன்றே கால் மணி நேரம். விலா முடியும் இடத்திலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை கிழிசல், 19 தையல். குழாயிலிருந்து பிரிக்கும்போது ஓர் இடத்தில் கசிந்ததாம், விரலால் அமுக்கிப் பிடித்துத் தைத்தார்களாம். டாக்டர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். எனக்குக் கை நடுங்கியது. அன்று ஓட்டை போட்டுச் செய்யுங்கள் என்று நான் பிடிவாதம் பிடித்து, அவரும் சரி என்று சொல்லியிருந்தால்?

ஓசூர் பீகிள் இரண்டாம் நாள் வீட்டுக்குப் போனது. மூன்று துளை, பையை வெளியே எடுக்க ஒன்றை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தார்கள். வாலை ஆட்டிக்கொண்டு தானே நடந்து போய் வண்டியில் ஏறியது. செம்பி ஐந்து நாள் இருந்தாள். முதல் இரண்டு நாள் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் முனகினாள். வலி மருந்தைக் கூட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் மறுநாள் காலையிலேயே வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து நடக்க வைத்தார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி போய் அடைப்பது இந்த ஆபரேஷனில் பெரிய ஆபத்து, முதல் 72 மணி நேரம் அதற்குத்தான் காவல். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொன்னார்கள். 30க்குள் இருந்தால் நிம்மதி. இந்த விசயத்தில் பீகிளுக்கும் செம்பிக்கும் வித்தியாசம் கிடையாது.

ஊருக்குத் திரும்பியதும் மலை ஏறவில்லை. அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டில் இரண்டு வாரம் தங்கினோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் வளைவு வளைவாக இறங்கி ஒரு மணி நேரம் கழித்து டாக்டரைத் தேட முடியாது. மலையில் இருப்பவர்கள், எந்த வகை ஆபரேஷன் ஆனாலும், கீழே ஒரு வீடு பார்த்துக்கொண்டு பிறகு நாள் குறியுங்கள்.

பெரிய தையலின் தொல்லை அக்கா வீட்டில்தான் தெரிந்தது. அந்த வெங்காயச் சருகுத் தோல் லேசில் ஒட்டவில்லை. ஆறாம் நாள் கீழ்ப்பக்கம் நீர் கோத்து, தையல் ஓரம் ஈரமாகவே இருந்தது. சாதாரணமாகப் பத்து, பதினாலு நாளில் பிரிக்கும் தையலை இவளுக்குப் பதினெட்டாம் நாள்தான் பிரித்தார்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கோனை அக்கா வீட்டுக் கதவுகளில் எல்லாம் இடித்து இடித்து, மாமா கடைசியில் “இது கோயில் மணியா, நாயா?” என்று கேட்டுவிட்டார். துளை வழியாகச் செய்திருந்தால் இதெல்லாம் மிச்சம். அதை மறைக்க வேண்டியதில்லை.

பதினான்காம் நாள் ராத்திரி ஓசூரிலிருந்து போன். “அண்ணா, இவன் காலையிலிருந்து எதுவும் தின்னல. ரெண்டு தடவை வாந்தி. இப்ப எழுந்து நிக்கவே மாட்டேங்கறான்.”

மாத்திரை கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு நிமிடம் பேச்சில்லை. “தையலே தெரியல, ஓடியாடித் திரிஞ்சான். இனி எதுக்குன்னு மூணு நாளா நிறுத்திட்டேன்.”

அவர் நிறுத்தியது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. கட்டி இருந்த சுரப்பி போய்விட்டது. மிஞ்சிய சுரப்பியோ மாதக்கணக்கில் வேலையை மறந்து சுருங்கிக் கிடக்கிறது. அது மெல்ல விழித்து எழும்வரை உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசாலை மாத்திரையாக நாம்தான் கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில், டாக்டர் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் நாய் சரிந்துவிடும். அன்று ராத்திரியே அவர் பெங்களூருக்கு ஓட்டினார். சலைன், ஊசி என்று இரண்டு நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள். முதல் தடவை தங்கியதைவிட இந்த முறை அதிகம் தங்கினான் என்று அவரே பிறகு வருத்தத்தோடு சொன்னார்.

நான் அவரைவிடப் புத்திசாலி இல்லை. என் கண்ணெதிரே 19 தையல் போட்ட வயிறு இருந்தது. ஈரமான பஞ்சை மாற்றும்போதெல்லாம் இது நோயாளி என்று அது ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. மாத்திரையை மறக்க எனக்கு வழியே இல்லை. அவருக்கு மூன்று பொட்டு. அதுவும் முடியில் மறைந்துவிட்டது. வெளியே எப்படிச் செய்தாலும் உள்ளே எடுத்தது அதே சுரப்பி என்பதைத் துளை ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறேன். பீகிளுக்கு அந்த வழியைத் தேர்ந்தெடுத்ததில் தப்பே இல்லை. இன்றைக்கும் அந்தக் கட்டி எனக்கு வந்தால், அதாவது என் நாய்க்கு வந்தால், துளை வழியைத்தான் கேட்பேன்.

எங்கள் வீட்டில் மாத்திரைக்கு ஒரு காலண்டர் தொங்கவிட்டோம். தினசரி கிழிக்கும் காலண்டர்தான். காலை மாத்திரை கொடுத்தால் மூலையில் ஒரு கோடு, மாலைக்கு இன்னொரு கோடு, இரண்டும் இருந்தால்தான் தாளைக் கிழிக்க வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். சாப்பாட்டை வேண்டாம் என்றால், வாந்தி, பேதி, தள்ளாட்டம் என்றால் உடனே சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும் என்று தாளின் பின்னால் எழுதி ஒட்டியிருந்தோம். பெருந்தீனிக்காரி செம்பி ஒரு நாள் இட்லியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அன்று நான் காத்திருக்கவில்லை, பத்து மணிக்கே சேலத்தில் ரத்தம் எடுத்துவிட்டோம். டோஸைக் குறைத்த வேகம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் அடினோமா என்று வந்தது. புற்று இல்லை. செலவைக் கேட்பவர்களுக்கு: சிடி, ஆபரேஷன், தங்கல், மருந்து, வண்டி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. இதே வேலையைத் துளை வழியாகச் செய்த ஓசூர்க்காரருக்கு ஆபரேஷன் கட்டணம் எங்களைவிடக் கூடுதல், தங்கல் குறைவு. இரண்டாவது முறை அட்மிட் ஆனதைச் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய சமம். போகும் முன்னால் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாதியில் துளை வழியை விட்டுத் திறக்க வேண்டி வந்தால் அதற்கான ஆளும் ரத்தமும் அதே அறையில் தயாராக இருக்குமா? பீகிள்காரரிடம் அதற்கும் சேர்த்துத்தான் முன்கூட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அப்படி வாங்காத இடமாக இருந்தால் நான் யோசிப்பேன்.

நாலு மாதத்தில் முடி திரும்ப வந்தது. முதலில் குட்டி நாய்க்கு இருப்பதுபோலப் பஞ்சாக, பழையதைவிடச் சிவப்பாக. வயிறு ஏறிக்கொண்டது. ஒன்று மட்டும் எதிர்பார்க்காதது. செம்பி பின்னங்காலை நொண்ட ஆரம்பித்தாள். ஆபரேஷனில் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி போன் செய்தால், மூட்டு வாதம் முன்பே இருந்திருக்கும், இத்தனை நாள் உடம்பில் ஓடிய கார்ட்டிசால் அந்த வலியை அமுக்கி வைத்திருந்தது என்றார் டாக்டர். அதற்கு இப்போது தனி மருந்து.

தீபாவளிக்கு முந்தின வாரம் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டோம். இவள் இன்னும் அரை மாத்திரையில் இருந்தாள். பயமோ பதற்றமோ வந்தால் ஆரோக்கியமான உடம்பு தானாகக் கூடுதல் கார்ட்டிசால் சுரக்கும், இவளால் முடியாது. அதனால் வெடிச் சத்தம் உள்ள இரண்டு நாளும் இரட்டை டோஸ். ஓசூருக்கும் போன் போட்டுச் சொன்னேன். “நானும் கேட்டுட்டேண்ணா, காலையிலேயே கொடுத்தாச்சு” என்றார். பின்னால் பீகிள் வெடிக்கெல்லாம் பதில் சொல்லிக் குரைத்துக்கொண்டிருந்தது. செம்பி கட்டிலுக்கு அடியில் இருந்தாள். சட்டியில் மறுநாள் காலை முக்கால் லிட்டர் மிச்சம்.